காதில் விழுந்த சொல்

ஜெனோவாவுக்குத் திக்குவாய் கிடையாது. இதை அவள் அம்மா அல்போன்சா பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். "திக்காது. வார்த்தை வராது. ரெண்டும் வேற."

கேட்டவர்களுக்கு வித்தியாசம் புரிந்ததில்லை. ஜெனோவாவுக்குக் குடை என்றால் என்னவென்று தெரியும். எங்கே தொங்குகிறது என்று தெரியும். வாயைத் திறக்கும்போது அந்தச் சொல் மட்டும் இருக்காது. "மழைக்கு... விரிப்போம்ல... கம்பி வச்சது..." என்று சுற்றிச் சுற்றி வருவாள். பத்து நிமிஷம் கழித்து, யாரும் கேட்காத நேரத்தில், குடை தானாக வந்து நிற்கும். எழுதச் சொன்னால், நேரமும் கொடுத்தால், எழுதிவிடுவாள். வாய்மொழித் தேர்வில் பூஜ்யம்.

அவள் பேச்சு நின்றுபோகும் இடத்தில் எல்லாம் அல்போன்சா சொல்லை எடுத்து வைப்பாள். இறால் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தாலும் மகள் வாயைப் பார்த்தபடியேதான் இருப்பாள். குடை. சாவி. உங்க அப்பா. வியாழக்கிழமை. அப்பா கப்பலில் வேலை. வருடத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருப்பார். அவர் வீடியோவில் கூப்பிட்டால் பெரும்பாலும் பேசுவது அல்போன்சாவாக இருக்கும். ஜெனோவா தலையாட்டுவாள்.

பதினொன்றாம் வகுப்புக்குப் போகுமுன் அவளை முத்தரசியிடம் கூட்டிப் போனார்கள். முத்தரசி பேச்சுப் பயிற்சியாளர். தூத்துக்குடியில் பழைய மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் இரண்டு அறைகளில் பயிற்சி மையம் வைத்திருந்தார். முதலில் நான்கு மாதம் படங்களைக் காட்டியும் சொற்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்தும் பயிற்சி கொடுத்தார். முன்னேற்றம் இருந்தது, நத்தை வேகத்தில். பிறகு ஒரு நாள் மேசை இழுப்பறையிலிருந்து மொச்சைக் கொட்டை அளவில் ஒன்றை எடுத்து வைத்தார்.

"இதுக்குப் பேரு சொல்துணை. காதுக்குள்ள வச்சுக்கணும். தொண்டையில சின்னதா ஒரு பட்டை ஒட்டுவோம்."

"என்ன செய்யும் மிஸ்?" என்று அல்போன்சா கேட்டாள்.

"நீங்க செய்யறதைத்தான் செய்யும். இவ பேசறதைக் கேட்டுக்கிட்டே இருக்கும். எங்க இருக்கா, எதிர்ல யாரு, என்ன கேட்டாங்க, எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கும். இவளுக்குச் சொல் வராம தொண்டை இறுகினா, இதுவா இருக்கும்னு நினைக்கிற சொல்லைக் காதுல சொல்லும். இவ அதைத் திருப்பிச் சொல்லணும்."

"தப்பாச் சொன்னா?"

"வேண்டாம்னு தலையை ஆட்டினா அடுத்த சொல்லைத் தரும். மொதல்ல கொஞ்ச நாள் தடுமாறுவா. அப்புறம் பழகிடும்."

பழகியது. அல்போன்சா எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பழகியது. ஜனவரியில் காதில் விழுந்த சொல்லை நிறுத்தி நிதானமாகத் திருப்பிச் சொன்னவள், மார்ச்சில் இடைவெளியே இல்லாமல் சொன்னாள். ஜூன் மாதம் பள்ளிப் பட்டிமன்றத்தில் எட்டு நிமிஷம் பேசினாள். அப்பா கூப்பிட்டபோது போனை அம்மாவிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, ஏன் போன தடவை என் பிறந்தநாளை மறந்தீங்க என்று சண்டை போட்டாள். அல்போன்சா சமையலறையில் நின்று அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்படியொரு சண்டைக்காக அவள் வேளாங்கண்ணிக்கு நேர்ந்திருந்தாள்.

எந்தெந்தச் சொல்லைத் தான் கொடுத்தோம் என்று சொல்துணை பட்டியல் வைத்துக்கொள்ளும். அதை மாதாமாதம் பார்த்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களுக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். மே மாதத்துக்குப் பிறகு முத்தரசி அந்தப் பட்டியலைப் பார்க்கவில்லை. பேச்சு நன்றாக இருந்தது. காத்திருப்போர் வரிசையில் வேறு பிள்ளைகள் இருந்தார்கள்.

ஜூலையில் அந்த விபத்து நடந்தது.

அப்போது ஊரில் பேருந்துகள் எல்லாம் தாமாக ஓடத் தொடங்கியிருந்தன. சின்னப் பிள்ளைகள் போகும் பள்ளி வேன்களை மட்டும் மனிதர்தான் ஓட்ட வேண்டும் என்று விதி இருந்தது. லிங்கதுரை அப்படி ஒரு வேன் ஓட்டுநர். ஐம்பது வயது. குரல் கொஞ்சம் பெரிது. அன்று சாயங்காலம் வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் லீவு. துறைமுகச் சாலை நிறுத்தத்தில் வேன் நின்றபோது ஒன்றாம் வகுப்புப் பையன் கவின், கதவைத் திறந்து படியில் தொங்கினான். லிங்கதுரை இருக்கையை விட்டு எழுந்து, "ஏல, உள்ள போ" என்று கத்திக்கொண்டே கதவருகே போனார். கையை நீட்டினார். பையன் தலைகுப்புற விழுந்து நடைபாதைக் கல்லில் மண்டை மோதினான்.

வேனுக்குள் இருந்த கேமராவில் லிங்கதுரையின் முதுகுதான் தெரிந்தது. கை நீள்வது தெரிந்தது. அந்தக் கை என்ன செய்தது என்பதை முதுகு மறைத்திருந்தது. உள்ளே இருந்த ஏழு பிள்ளைகளும் ஏழு விதமாகச் சொன்னார்கள். கவின் பிழைத்துக்கொண்டான். ஆனால் அன்றைக்கு நடந்தது எதுவும் அவன் நினைவில் இல்லை. ஒரு வாரத்துக்கு முன்னால்தான் லிங்கதுரை அவனைக் காது கிழியத் திட்டியதாக அவன் அம்மா பள்ளியில் புகார் கொடுத்திருந்தாள்.

கதவுக்கு நேரே, பத்தடி தூரத்தில், பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தவள் ஜெனோவா.

மறுநாள் காலை காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, தன்மையாகத்தான் கேட்டார். "பயப்படாம சொல்லும்மா. டிரைவர் என்ன செஞ்சாரு? அடிச்சாரா, தள்ளினாரா?"

ஜெனோவா கோவையாகச் சொன்னாள். டிரைவர் எழுந்து வந்தார். கத்தினார். கையை நீட்டினார். பையனைத் தள்ளினார்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கே தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். அவர்களிடமும் அதையே சொன்னாள். பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்தில் மேடைக்குக் கூப்பிட்டு, பார்த்ததைத் துணிந்து சொன்ன மாணவி என்று சால்வை போட்டார்கள். அங்கும் ஒருமுறை சொன்னாள். சொல்லச் சொல்ல விவரம் கூடியது. உள்ளங்கையை நெஞ்சில் வைத்துத் தள்ளினார் என்பது மூன்றாவது தடவை சேர்ந்தது.

லிங்கதுரையைக் கொலை முயற்சி வழக்கில் உள்ளே வைத்தார்கள். அவர் வீட்டு ஜன்னலை யாரோ உடைத்தார்கள். கல்லூரியில் படித்த அவர் மகள் படிப்பை நிறுத்திவிட்டு அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். "நான் பிடிக்கத்தான் போனேன்" என்று அவர் சொன்னதைப் பத்திரிகைகள் கடைசி வரியில் போட்டன.

நவம்பரில் சொல்துணை செய்யும் கம்பெனியிலிருந்து ஆண்டறிக்கை கேட்டார்கள். முத்தரசி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாக்கி இருந்த பட்டியல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஜூலை மாதம் பதினேழாம் தேதி, காலை பத்து நாற்பத்திரண்டு, இடம் காவல் நிலையம். கொடுத்த சொல்: தள்ளினார். மறுப்பு: இல்லை.

அவர் அன்றைய பட்டியலை முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார். பிறகு அல்போன்சாவுக்குப் போன் செய்து, இருவரும் வாருங்கள் என்றார்.

ஜெனோவா பட்டியலைப் படித்தாள். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. "அது குடுத்திச்சு. நான் சொன்னேன். எப்பவும் அப்படித்தான மிஸ்?"

"எப்பவும் அப்படித்தான். குடைங்கிற சொல்லைக் குடுத்தா, அது குடைதானான்னு உனக்குத் தெரியும். இல்லேன்னா தலையாட்டுவ. இங்க நீ தலையாட்டல. அது சரியான சொல்லா இருந்ததால ஆட்டலையா, இல்ல யோசிக்கறதுக்கு முன்னாடியே வாய் சொல்லிடுச்சான்னு எனக்குத் தெரியல."

"அதுக்கு எப்படித் தெரியும், அவரு தள்ளினாருன்னு?"

"அதுக்குத் தெரியாது. அது அங்க நிக்கல. போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்திருக்கோம், எதிர்ல இருக்கறவர் அடிச்சாரா தள்ளினாரான்னு கேட்டார், முன்னாடி நீ கையை நீட்டினார்னு சொன்ன. இப்படி ஒரு இடத்துல ஜனங்க அதிகமா சொல்ற சொல் எதுவோ அதை எடுத்துக் குடுத்திருக்கு. அது உண்மையாவும் இருக்கலாம். உனக்குத்தான் தெரியும் ஜெனோவா."

ஜெனோவாவின் முகம் சிவந்தது. "எனக்கு ஞாபகம் இருக்கு. நெஞ்சில கைய வச்சு..." என்று தொடங்கி நிறுத்தினாள். "அத்தன பேரு முன்னாடி பேசினேன். அது என் பேச்சு இல்லேங்கீங்களா?"

"அப்படிச் சொல்லல."

"அப்படித்தான் சொல்லுதீங்க." காதிலிருந்ததைப் பிடுங்கி மேசையில் வைத்தாள். வேறு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வரவில்லை. எழுந்து வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

அறையில் இரண்டு பெண்கள் மட்டும் இருந்தார்கள். அல்போன்சா தன் தோள்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இத எதுக்கு மிஸ் இப்ப நோண்டுதீங்க? எம்பிள்ள இப்பந்தான் வாயத் தொறந்து பேசுதா."

"அந்த ஆள் நாலு மாசமா ஜெயில்ல இருக்கார் அக்கா. இதுல என் தப்பும் இருக்கு. ஒவ்வொரு மாசமும் நான் பாத்திருக்கணும்."

அல்போன்சா தலையைக் குனிந்தாள். நிமிரும்போது கண் கலங்கியிருந்தது. "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். யாருகிட்டயும் சொல்லல. விபத்து நடந்த அன்னைக்கு நான் வேலை முடிஞ்சு வீட்டு வாசல்ல ஏறுதேன், இவ ஓடி வாரா. காதுல மிஷின் இல்ல. சார்ஜ் தீந்து எடுத்து வச்சிருக்கா. என்னட்டி என்னட்டின்னு கேக்கேன். ஒரு சொல் வரல. திடீர்னு என் தோள்ல கெடந்த பையப் புடிச்சு இழுத்தா. இந்தப் பைதான். நான் விழப் போயிட்டேன். பை அவ கையோட போயிட்டு. அதத் தூக்கிக் காட்டிக் காட்டி அழுதா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. மறுநா ஸ்டேஷன்ல தள்ளினாருன்னு சொன்னப்பதான் எனக்கு மனசுல ஒண்ணு இடிச்சது. இவ தள்ளிக் காட்டலயே, இழுத்துல்ல காட்டினான்னு."

முத்தரசி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "ஏன் சொல்லல?"

"போலீசு அய்யா முன்னாடி அவ பேசுன பேச்சு. ஒரு எடத்துல நிக்கல மிஸ். நான் பக்கத்துல இருந்து ஒரு வார்த்த எடுத்துக் குடுக்கல. மொதத் தடவையா எனக்கு அங்க வேலையே இல்ல." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப போயி அவகிட்டச் சொல்லிடட்டுமா?"

"வேண்டாம்" என்றார் முத்தரசி.

"ஏன்?"

"நீங்க சொன்னா அவ அதையும் திருப்பிச் சொல்லுவா. காதுக்குள்ள இருந்து வந்தா என்ன, பக்கத்துல இருந்து வந்தா என்ன. அப்புறம் எது அவ பாத்ததுன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும். அவளாத் தேடி எடுக்கணும். அவ எடுக்கறது நீங்க நினைக்கிற சொல்லா இல்லாமலும் இருக்கலாம்."

"அவளுக்குக் கெடைக்காமப் போச்சுன்னா?"



முத்தரசி பட்டியலை எடுத்துக்கொண்டு அரசு வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தார். வழக்கறிஞர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "மூக்குக்கண்ணாடி போட்டுப் பாத்த சாட்சி செல்லாதுன்னு சொல்வீங்களா? வாய் அந்தப் பொண்ணோட வாய். கோர்ட்ல வந்து சொல்லட்டும், கேப்போம்." அம்மா சொல்வதை ஏற்பார்களா என்று முத்தரசி தனக்குத் தெரிந்த இன்னொரு வக்கீலிடம் பெயர் சொல்லாமல் கேட்டார். அவள் அம்மா நேரில் பார்க்கவில்லையே, அது நிற்காது என்றார் அவர்.

ஜெனோவா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் சொல்துணை இல்லாமல் பள்ளிக்குப் போனாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "பாக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

அது கடினமான காலம். பட்டிமன்றக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். கூடப் படித்தவர்களில் சிலர் மறுபடி அவள் வாக்கியங்களை முடித்து வைக்க ஆரம்பித்தார்கள். அவசரத்தில் தவறாக முடித்தார்கள். அவளும் விட்டுவிட்டாள். முத்தரசியிடம் வாரம் இரண்டு நாள் போனாள். முத்தரசி விபத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. சொல் வராத இடத்தில் அந்தப் பொருள் எங்கே இருக்கும், எதற்கு ஆகும், தொட்டால் எப்படி இருக்கும் என்று பக்கத்துச் சொற்களைப் பிடித்து நெருங்கி வரும் வழியைத்தான் பழக்கினார். பழைய நத்தை வழி.

வீட்டில் அல்போன்சாவுக்கும் ஒரு பயிற்சி சொல்லியிருந்தார். எடுத்துக் கொடுக்காதீர்கள்.

முதல் நாள் மீன்குழம்பில் உப்பு குறைந்திருந்தது. ஜெனோவா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அம்மா... அந்த... வெள்ளையா..." என்றாள். உப்பு என்று அல்போன்சாவின் நாக்கு வரை வந்துவிட்டது. கையைச் சேலைக்குள் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உப்பளங்கள் சூழ்ந்த இந்த ஊரில் போய் அந்தச் சொல்லைத் தேடும்படி ஆயிற்றே என்று இருந்தது. ஜெனோவா இரண்டு நிமிஷம் தேடினாள். பிறகு கோபம் வந்தது.

"ஒனக்குத் தெரியுது. ஏன் சொல்ல மாட்டுக்க?"

"நீயே சொல்லு மக்கா."

"தண்ணி... கடல்... காய வச்சு... உப்பு." சொல்லிவிட்டு ஜெனோவா தட்டைப் பார்த்தாள். குழம்பு ஆறிப்போயிருந்தது. இருவரும் ஆறின குழம்பையே சாப்பிட்டார்கள்.

அல்போன்சாவுக்கு உப்பைச் சொல்லாமல் இருப்பதுகூடப் பெரிதில்லை. இன்னொரு சொல்லைச் சொல்லாமல் இருப்பதுதான் தாங்கவில்லை. மகள் சில நாள் பள்ளி விட்டுத் துறைமுகச் சாலை நிறுத்தத்தில் போய் நின்றுவிட்டு நேரம் கழித்து வருவாள். "என்ன பாத்த?" என்று அல்போன்சா கேட்பாள். "ரெண்டு விதமாவும் தெரியுது" என்பாள் ஜெனோவா. அல்போன்சா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஏப்ரல் மாதம் சாட்சிக்கு அழைப்பு வந்தது.

நீதிமன்றத்தில் கவினின் பெற்றோர் முன்வரிசையில் இருந்தார்கள். கவினும் வந்திருந்தான். தலையில் முடி வளராத ஒரு கோடு தெரிந்தது. லிங்கதுரை கூண்டில் நின்றார். தொலைக்காட்சியில் பார்த்த ஆளில் பாதிதான் இருந்தார். முத்தரசி கடைசி பெஞ்சில் அல்போன்சாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜெனோவா என்ன சொல்லப்போகிறாள் என்று இருவருக்கும் தெரியாது.

நீதிபதி ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. சாட்சிக்குப் பேசுவதில் சிரமம் உண்டு, கருவி இல்லாமல் பேச விரும்புகிறாள் என்று எழுதிக் கொடுத்திருந்ததைப் படித்தார். "நேரம் எடுத்துக்கொள்ளலாம்" என்றார்.

அரசு வழக்கறிஞர் கேட்டார். ஜெனோவா மெதுவாகச் சொன்னாள். பேருந்து நிறுத்தம். வேன். கதவு. ஒவ்வொன்றும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல வந்தது.

"டிரைவர் கையை நீட்டினார். சரி. நீட்டி என்ன செய்தார்?"

ஜெனோவா வாயைத் திறந்தாள். வரவில்லை.

அந்த நீதிமன்றத்தில் சாட்சிகள் பேசுவதை ஓர் இயந்திரம் உடனுக்குடன் எழுதிப் பெரிய திரையில் காட்டும். ஜெனோவா பேசியதெல்லாம் அங்கே வரிசையாக வந்துகொண்டிருந்தது. அவளுடைய தடுமாற்றங்கள் அதில் இல்லை. எல்லாம் செம்மையான வாக்கியங்களாக இருந்தன. அவள் நின்றதும் திரையும் ஒரு நொடி நின்றது. பிறகு 'டிரைவர் கையை நீட்டிப் பையனை' என்ற வரிக்குப் பக்கத்தில், வெளிறிய எழுத்தில், 'தள்ளினார்' என்று வந்தது. அவளுடைய பழைய வாக்குமூலம் அந்த இயந்திரத்துக்குத் தெரியும். வரப்போகும் சொல்லை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தது.

ஜெனோவா அதைப் பார்த்தாள். உதடு அசைந்தது. அல்போன்சா முத்தரசியின் மணிக்கட்டைப் பிடித்து நகம் பதிய அழுத்தினாள்.

"அம்மா" என்றாள் ஜெனோவா நீதிபதியைப் பார்த்து. திரையைக் கையால் காட்டினாள். "அது... நான்... சொல்லல."

நீதிபதி திரும்பித் திரையைப் பார்த்தார். முகம் மாறியது. "அதை நிறுத்துங்க. இதுவரைக்கும் திரையில வந்ததையும் அழிங்க. கையால எழுதுங்க."

எழுத்தர் தாளும் பேனாவும் தேடி அலமாரியைத் திறந்து மூடினார். யாரோ ஒரு வக்கீல் தன் பேனாவைக் கொடுத்தார். அதற்குள் ஜெனோவா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு, மூன்று. யாரோ இருமினார்கள். அரசு வழக்கறிஞர் எழுந்து, "கனம் நீதிபதி அவர்களே, சாட்சி ஏற்கெனவே கொடுத்த வாக்குமூலத்தை நான் படித்துக் காட்ட அனுமதிக்க வேண்டும்" என்றார். நீதிபதி உட்காரும்படி கையைக் காட்டினார். அல்போன்சாவின் வாய்க்குள் அந்தச் சொல் நெருப்புக் கங்குபோல இருந்தது. எழுந்து கத்திவிட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும். அவள் தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

"நீலம்" என்றாள் ஜெனோவா.

நீதிமன்றமே நிமிர்ந்தது.

"நீலக் கலரு. முதுகுல... புத்தகம் வைக்கிறது. அவன் முதுகுல இருந்திச்சு. அவன் வெளிய... சாயுதான். அவரு கைய நீட்டி... அத..." வலக்கை தானாக எழுந்தது. விரல்கள் மடங்கின. கை தன் நெஞ்சை நோக்கி வந்தது. அவள் கண்ணைத் திறந்து அந்தக் கையைப் பார்த்தாள். "புடிச்சாரு. பையப் புடிச்சாரு." மூச்சு வாங்கினாள். "பை வந்திச்சு. பையன் வரல."

எழுத்தரின் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

அரசு வழக்கறிஞர் அவளைப் பிறழ்சாட்சி என்று அறிவித்துவிட்டு ஒரு மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தார். யார் மிரட்டியது என்று கேட்டார். அப்படியானால் தொலைக்காட்சியில் சொன்னது பொய்யா என்று கேட்டார். "பொய் இல்ல. என்... என்னோடது இல்ல" என்றாள் ஜெனோவா. அதற்கு மேல் அவளால் விளக்க முடியவில்லை. முத்தரசி அடுத்த வாரம் பட்டியலோடு வந்து விளக்கினார், மாதாமாதம் தான் பார்க்காததையும் சேர்த்து. நீலநிறப் பை வேனுக்குள் கதவோரம் கிடந்தது காவல்துறை எடுத்த படத்திலேயே இருந்தது. அதன் வார் ஒன்று தையல் விட்டிருந்தது. பையன் தானே கழற்றிக் கதவோரம் போட்டிருப்பான் என்று அதுவரை எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

ஜூனில் லிங்கதுரையை விடுதலை செய்தார்கள். பள்ளி அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மகளும் இன்னும் அத்தை வீட்டில்தான் இருந்தாள். கவினின் அம்மா ஜெனோவாவைக் கோயிலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லிங்கதுரை மீது கோபப்பட்டுக்கொண்டிருந்தவளுக்கு இப்போது கோபப்பட யாரும் இல்லை.

தீர்ப்பு வந்த அன்று ஜெனோவாதான் போகலாம் என்றாள். நீதிமன்றத்துக்கு எதிரே டீக்கடையில் லிங்கதுரை தனியாக நின்றுகொண்டிருந்தார். அம்மாவும் மகளும் அவருக்கு எதிரே போய் நின்றார்கள். அவர் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"மாமா" என்றாள் ஜெனோவா. வழிநெடுகப் பழகிக்கொண்டு வந்த சொல் அது அல்ல. பழகிய சொல் வரவில்லை. கைகளைக் கூப்பினாள். கண்ணீர் வந்தது.

"விடும்மா" என்றார் லிங்கதுரை. "நீ சின்னப் பிள்ள. இன்னும் ரெண்டு டீ போடுப்பா."

மூவரும் டீ குடித்தார்கள். தானோடும் பேருந்து ஒன்று வந்து நின்று, கதவைத் திறந்து, யாரும் ஏறாததால் மூடிக்கொண்டு போனது. லிங்கதுரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அல்போன்சாவுக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துக் கேட்டார். அவருக்குத் தணிந்த குரல் பழக்கமில்லை. அல்போன்சாவுக்கு எல்லாம் கேட்டது.

"ஒண்ணு கேக்கட்டுமா தாயி? நெசமாவே நான் புடிச்சேனா?"

ஜெனோவா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மொதல்ல எனக்கு நல்லாத் தெரியும். புடிச்சேன்னுதான் எல்லாருகிட்டயும் சொன்னேன். யாரும் கேக்கல. போலீசு சொல்லுதான், டிவில சொல்லுதான், உள்ள கூட இருந்தவனும் சொல்லுதான், தள்ளினேன்னு. கேட்டுக் கேட்டு... கண்ண மூடினா என் கையி தள்ளுத மாதிரியே தெரிய ஆரம்பிச்சிட்டு. பையன் மேல எரிச்சலாத்தான இருந்தோம், தள்ளியிருப்பமோன்னு. அன்னைக்கு நீ கோர்ட்ல சொல்லுதவரைக்கும் எனக்கு என்னப் பத்தியே நிச்சயமில்ல. தீர்ப்பு கெடக்கட்டும். நீ பாத்த. நீ சொல்லு."

"ஆமா" என்றாள் ஜெனோவா. "நீங்க..."

அத்தனை பேர் முன்னால் வந்த சொல் இப்போது இல்லை. அவள் தேடினாள். அல்போன்சாவின் வாய் திறந்தது, கையால் மூடிக்கொண்டாள். கடைக்காரர் என்னவென்று எட்டிப் பார்த்தார்.

லிங்கதுரை தம்ளரை ஓரமாக வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் அவளுக்கும் இடம் விட்டார்.

"மெதுவாச் சொல்லு தாயி" என்றார். "நான் இருக்கேன்."